பனிக்காலத்தில் ட்ரெயினர்: அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது?

கேள்வி: நவம்பர் 17, 2024

போன மாதம் பழைய சைக்கிள் ட்ரெயினர் ஒன்று வாங்கினேன், சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்திவைத்து மிதிக்கிற கருவி. பின் சில்லை உருளையில் அழுத்திவைத்து மிதிக்கிற வகை. ரொறன்ரோவில் இனி மார்ச் கடைசிவரை வெளியில் ஓடுவது கஷ்டம் என்றுதான் வாங்கினேன். ஐந்து தரம் ஏறினேன். ஐந்து தரமும் 20, 25 நிமிடத்தில் இறங்கிவிட்டேன். அலுப்பு, வியர்வை, சீட்டில் வலி. வெளியில் மூன்று மணி நேரம் ஓடுகிறவன் நான். வீட்டுக்குள் மிதிப்பதால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா, இல்லை இதை விற்றுவிடட்டுமா?

நவம்பர் 18

விற்க வேண்டாம், தம்பி. எனக்கு இது ஏழாவது பனிக்காலம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில், ஃபர்னஸுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்தான் என் சைக்கிள் நிற்கிறது. முதல் வருடம் நானும் 25 நிமிடத்தில்தான் இறங்கினேன்.

நீங்கள் அலுப்பு என்று சொல்வதில் பாதி வெப்பம். ஃபேன் வைத்திருக்கிறீர்களா? எழுதவில்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் உடம்பு எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரைதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. 180 வாட்டில் மிதிக்கும்போது 600 வாட் அளவு வெப்பம் உடம்பிலிருந்து வெளியேற வேண்டும். கடையில் விற்கிற சின்ன ரூம் ஹீட்டரைக் குறைந்த அளவில் வைத்தால் 750 வாட். கிட்டத்தட்ட அந்த ஹீட்டரை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியில் 28 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றே அதைக் கொண்டுபோய்விடும். வீட்டுக்குள் காற்று அசையாது, வியர்வை காயாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். உடம்பு சூடாக இதயத்துடிப்பு ஏறும். அதே வாட் மலை ஏறுகிற மாதிரி இருக்கும்.

மேசை ஃபேன் போதாது. தரையில் வைக்கிற பெரிய உலோக ஃபேன் ஒன்று வாங்கி, முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, நெஞ்சுக்கு நேராக வையுங்கள். ஏறும்போதே போட வேண்டாம், ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இன்னொரு தரம் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

நவம்பர் 18, இரவு

சீட் வலியை மறந்துவிட்டேன். வெளியில் ஓடும்போது நமக்குத் தெரியாமலே அடிக்கடி எழும்புகிறோம். சிவப்பு விளக்கு, குழி, இறக்கம், திரும்புகிற இடம். ட்ரெயினரில் அதே சதையில் அதே எலும்பு ஒரு மணி நேரம் அசையாமல் அழுத்திக்கொண்டிருக்கும். எட்டு நிமிடத்துக்கு ஒரு தரம், அலாரம் வைத்தாவது, கியரை இரண்டு கூட்டி 30 விநாடி எழும்பி நின்று மிதியுங்கள்.

முன் சில்லுக்குக் கீழே மரக்கட்டை ஏதாவது வைத்திருக்கிறீர்களா? உங்கள் வகை ட்ரெயினரில் பின் சில்லு சில சென்ரிமீட்டர் உயர்ந்து நிற்கும். முன்னால் உயர்த்தாவிட்டால் முழு நேரமும் இறக்கத்தில் போகிற மாதிரி பாரம் கைக்கு வரும். இரண்டு தடித்த பழைய புத்தகம் போதும்.

நவம்பர் 24

ஃபேன் வைத்து 40 நிமிடம் ஓடினேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம். இனி அந்த நிமிடங்களை என்ன செய்வது என்று பார்ப்போம்.

என் பழக்கம் இது. தமிழ்க் கடைகளில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கிற நாட்காட்டி இருக்கிறதல்லவா, தினமும் ஒரு தாள் கிழிக்கிறது. கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் அன்றைக்கு என்ன ஓடப்போகிறேன் என்று எழுதி, ஹாண்டிலில் துணி கிளிப்பால் மாட்டிவிட்டுத்தான் ஏறுவேன். "10 சூடாக்கு. 10 பாரம், 5 லேசு, மூன்று தரம். ஆறவிடு." அவ்வளவுதான், ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லாத தாள். இது இல்லாமல் ஏறின நாட்களில் எல்லாம் நடுவழியில் போனைப் பார்க்கத் தொடங்கி, மிதிவேகம் குறைந்து, அரைகுறையாக இறங்கியிருக்கிறேன். தெருவில் போனால் எப்படியும் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவோம். ட்ரெயினரில் போய்ச்சேரும் இடத்தை ஏறுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

வாரத்தில் நாலு நாள், நாலும் கடுமையாக. குறைந்த நேரத்தில் கூடப் பலன். அதுதான் என் கணக்கு.

டிசம்பர் 1

ஓர் அண்ணா எழுதியிருக்கிறார், "ட்ரெயினர் சைக்கிள் ஓட்டமே இல்லை, ஆணி ரயர் போட்டுக்கொண்டு வெளியில் போங்கள், நான் வருடம் முழுக்க ஓடுகிறேன்" என்று. அவரை மதிக்கிறேன். மைனஸ் 12இல் லோரன்ஸ் அவென்யூவில் சைக்கிளில் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும். ஆனால் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது ஆறு மணிக்கு. டிசம்பரில் இங்கே 4:40க்கே சூரியன் மறைந்துவிடும். உருகின ஸ்னோ இரவில் திரும்ப உறைந்து கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகக் கிடக்கும். இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. நான் விழக்கூடாது.

"சைக்கிள் ஓட்டமே இல்லை" என்பதற்கு மத்தியூ ஹேமனைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியர். 2016 பிப்ரவரி கடைசியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பு முறிந்தது. பிரான்ஸில் நடக்கிற பாரிஸ்–ரூபே பந்தயம் ஏப்ரல் 10இல். அவர் தன் கராஜில் ட்ரெயினரைப் போட்டு, முறிந்த கையை ஓர் ஏணியில் சாய்த்துவைத்து, வாரக்கணக்காக மிதித்தார். பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் திரும்பவும் வெளியில் போட்டிக்கு வந்தார். கல் பாவின தெருக்களும் சேர்ந்த 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கடைசியில் மைதானத்துக்குள், அதே பந்தயத்தை நாலு தரம் வென்ற ரொம் போனனை முந்தி வென்றார். 37 வயது, அந்தப் பந்தயத்தில் அது அவருக்குப் பதினைந்தாவது தரம்.

ஹேமனுக்கு அதற்கு முன்பு இருபது வருட ஓட்டம் காலில் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ட்ரெயினர் இருந்ததைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதுவே பெரிது.

என் கணக்கும் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் ஒரு நாள் கிங்ஸ்டன் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓடினதை வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். அந்த 60 நிமிடத்தில் 14 நிமிடம் நான் மிதிக்கவே இல்லை. விளக்கு, இறக்கம், பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பது. ட்ரெயினரில் 60 என்றால் 60தான்.

டிசம்பர் 8

இது கொஞ்சம் வேறு பக்கம் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அம்மா பேஸ்மென்டுக்கு அரிசி எடுக்க வந்தார். நான் மிதித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஓடாத சைக்கிளை ஏன் மோனை மிதிக்கிறாய்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "நீ அப்பவும் இப்படித்தான்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். போரில், 90க்குப் பிறகு வருடக்கணக்காக எங்களுக்குக் கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை, பற்றரி தடை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பிபிசி தமிழோசைச் செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிள்தான். அப்பாவின் ரலி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் சாய்த்துவிட்டு, அதிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். நடுவில் டயோட் வைத்து யாரோ செய்துகொடுத்திருந்தார்கள். எனக்குப் பதினொரு, பன்னிரண்டு வயது. கையால் பெடலைச் சுற்றுவது என் வேலை.

அதில் ஒரு நுணுக்கம். மெதுவாகச் சுற்றினால் ரேடியோ கம்மிப்போகும். வேகமாகச் சுற்றினால் இரைச்சல், ரேடியோ எரிந்துவிடும் என்று அப்பா கத்துவார். ஒரே வேகம். செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக வருகிற அந்த ஒரு வேகத்தைக் கை கண்டுபிடித்து அங்கேயே நிற்கவேண்டும். முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை மூடினது, எல்லாம் அந்தக் குரலில்தான் வரும். என் கை தளர்ந்தால் ஒரு வசனம் போய்விடும்.

நேற்றைக்குத்தான் எனக்கு விளங்கினது, நான் ஏன் ட்ரெயினரில் மற்றவர்களைவிடச் சீராக மிதிக்கிறேன் என்று. பயிற்சிப் புத்தகங்கள் மிதிவேகம் நிமிடத்துக்கு 85–95 சுற்று என்று எழுதும். எனக்கு இன்றைக்கும் அது காதில் கேட்கிற விஷயம். ட்ரெயினர் உருளையின் ஒலி ஒரே சுருதியில் நிற்கவேண்டும். அது இறங்கினால் எனக்கு மனம் பதறும்.

தமிழோசை வானொலி 2017இல் நின்றுபோனது. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிசம்பர் 22

நவம்பர் 24இல் "நாலும் கடுமையாக" என்று எழுதினேன். அது பிழை. திருத்துகிறேன்.

நாலு வாரம் அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் படி ஏறும்போது தொடை எரிந்தது. நாலாவது வாரம் காலையில் எழும்பும்போதே இதயத்துடிப்பு வழமையைவிட எட்டுக் கூட. நித்திரை குழம்பிப்போனது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். போன வியாழன் மூன்றாவது இன்டர்வலில், அதாவது பாரமாக மிதிக்கிற மூன்றாவது தரத்தில், நாலு நிமிடத்தோடு காலை நிறுத்திவிட்டு அப்படியே ஹாண்டிலில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு பத்து நிமிடம் இருக்கும்.

இரண்டு காரணம். முதலாவது, கடுமையான நாள் வாரத்துக்கு இரண்டுதான் என்னைப் போன்ற 46 வயதுக்காரனுக்குத் தாங்கும். நோர்வேயில் வேலை செய்கிற ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் பல வருடமாகச் சொல்லிவருகிறார், உலகத்தரத்து ஓட்டக்காரர்கள், துடுப்பு வலிப்பவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லாரும் பத்தில் எட்டுத் தரம் லேசாகத்தான் பயிற்சி செய்கிறார்கள் என்று. வாரம் 20 மணி நேரம் ஓடுகிறவர்களின் கணக்கை நாலு மணி நேரக்காரர் அப்படியே எடுக்க முடியாது. எடுக்கவும் வேண்டாம். ஆனால் லேசான நாள் என்று ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது எனக்கு உடம்பால் விளங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் எனக்குக் கோபம் தருவது, ஏனென்றால் இது தெரிந்தே செய்த பிழை. செப்டம்பரில் வெளியில் எடுத்த எஃப்டிபி 218 வாட். எஃப்டிபி என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட். அதே எண்ணை வைத்து வீட்டுக்குள் இன்டர்வல் போட்டேன். நேற்று பேஸ்மென்டில் திரும்ப 20 நிமிடச் சோதனை எடுத்தேன். சராசரி 214. அதில் 95 சதவீதம் எடுத்தால் 203. என் பவர் மீட்டர் பெடலிலேயே இருக்கிறது, இரண்டு சைக்கிளுக்கும் அதே பெடல்தான், ஆகவே கருவியில் வித்தியாசம் இல்லை. 15 வாட் கீழே. கொஞ்சம் வெப்பம், கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் சைக்கிள் இடமும் வலமும் சாயாமல் இறுகப் பிடித்துவைக்கப்பட்டிருப்பது. வீட்டுக்குள் ஓடுகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே சோதனை எடுங்கள். தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்களும் என் பேச்சைக் கேட்டு நாலு நாள் போட்டிருந்தால் மன்னியுங்கள்.

ஜனவரி 5, 2025

ஒரு கிழமை ஓய்வு எடுத்தேன். கால் திரும்ப வந்துவிட்டது. இப்போது வாரம் இப்படிப் போகிறது.

செவ்வாய்: 10 நிமிடம் சூடாக்கல், 185 வாட்டில் 10 நிமிடம் மூன்று தரம், நடுவில் 5 நிமிடம் லேசு, கடைசியில் ஐந்து நிமிடம் ஆறவிடுதல். 55 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 185 என்பது எனக்கு 91 சதவீதம். ஸ்வீட் ஸ்பாட் என்று சொல்கிறார்களே, அது. வேதனை இல்லை, ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டு மறந்துபோய் மிதிக்கவும் முடியாது. குடும்பக்காரர்களுக்கு ட்ரெயினரில் இதைவிடப் பெறுமதியான ஒரு மணி நேரம் இல்லை என்பது என் முடிவான எண்ணம்.

வியாழன்: 30 விநாடி பலமாக, 15 விநாடி லேசாக, இப்படி 13 தரம். அது ஒரு சுற்று, பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். மூன்று நிமிடம் விட்டு அடுத்த சுற்று. மொத்தம் மூன்று. நோர்வேக்காரர் பென்ட் ரோன்னெஸ்டாட் ஆய்வு செய்த முறை. நான் முதல் இரண்டு கிழமை இரண்டு சுற்றோடு நிறுத்துவேன். இதைத் தெருவில் செய்யவே முடியாது. 15 விநாடி கழித்து எந்தத் தெருவும் உங்களுக்காக வெறுமையாக நிற்காது.

பாரத்தைத் தானே மாற்றுகிற ஸ்மார்ட் ட்ரெயினர் வைத்திருப்பவர்கள் இந்த 30/15க்கு எர்க் மோடை அணைத்துவிடுங்கள். அந்த மோட் வாட்டைத் தானே பிடித்து நிறுத்தும், நல்லதுதான், ஆனால் மாறுவதற்குச் சில விநாடி எடுக்கும். 15 விநாடி லேசில் ஐந்து விநாடி மாறுவதிலேயே போய்விடும். இன்னொன்று, எர்க் மோடில் களைத்து மிதிவேகம் குறைந்தால் மெஷின் பாரத்தைக் கூட்டும். கூட்டினால் இன்னும் குறையும். சேற்றில் புதைகிற மாதிரி நின்றுபோவீர்கள். அப்படி ஆனால் போராட வேண்டாம். காலை எடுத்துவிட்டுப் பத்து விநாடி கழித்துத் தொடங்குங்கள்.

ஞாயிறு: லேசான ஒரு மணி நேரம், 125–135 வாட். இதைப்பற்றித் தனியாக எழுதவேண்டும்.

ஜனவரி 12

லேசான நாள்தான் ட்ரெயினரில் எல்லாரும் தோற்கிற இடம். அலுக்கும். அலுத்தால் வேகம் கூட்டுவோம். கூட்டினால் அது லேசான நாள் இல்லை. திரையில் மற்றவர்களோடு ஓடுகிற ஸ்விஃப்ட் போன்ற ஆப் வைத்திருந்தால் இன்னும் கஷ்டம், யாராவது முந்தினால் கால் கேட்காது.

லேசு என்றால் எவ்வளவு லேசு என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். எஃப்டிபியில் 56இலிருந்து 75 சதவீதம் என்பது புத்தகக் கணக்கு. வாட் மீட்டர் இல்லாதவர்களுக்கு முழு வசனம் பேசிப் பார்ப்பதுதான் அளவுகோல். மூச்சு வாங்காமல் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிக்க முடியவேண்டும்.

நான் பேசுவதற்கு ஆள் பிடித்துவிட்டேன். அந்த ரேடியோக் கதைக்குப் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணீரோடு கீழே வந்து கதிரையைப் போட்டு உட்காருகிறார். நான் மிதிக்கிறேன், அவர் கதைக்கிறார். நானும் கதைக்கிறேன். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு மணி நேரம் தொடர்ந்து இருவரும் உட்கார்ந்து கதைத்தது இல்லை. வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, அவருக்கு ரிவி. இங்கே எனக்கும் எழும்பிப்போக முடியாது, கால் பெடலில் பூட்டியிருக்கிறது.

போன ஞாயிறு, 95இல் போரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அந்த ரலி சைக்கிளில் யார் யாரை ஏற்றினார் அப்பா என்று கேட்டேன். முன் பாரில் தங்கச்சி, கரியரில் அம்மம்மா, ஹாண்டிலில் இரண்டு பை, தள்ளிக்கொண்டுதான் போனது, ஓடவில்லை என்றார். எனக்கு அம்மம்மா நடந்து வந்ததாகத்தான் ஞாபகம். அம்மா அடித்துச் சொல்கிறார், கைதடிவரை கரியரில்தான் என்று. அந்த இடத்தில் என் இதயத்துடிப்பு 118இலிருந்து 131க்கு ஏறியிருக்கிறது, வாட் மாறவே இல்லை. பிறகு கணினியில் இதயத்துடிப்புக் கோட்டில் பார்த்தேன்.

ஜனவரி 15

பொங்கல். நாலு நாளாக ஏறவில்லை. சக்கரைப் பொங்கல், வடை, விருந்தாளிகள். ஒன்றும் குறைந்துபோகாது. வெள்ளிக்கிழமை தொடங்குவேன்.

ஜனவரி 26

சாமான்கள் பற்றி. நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒன்றாகவே எழுதுகிறேன்.

வியர்வை உப்பு. இதை லேசாக எடுக்காதீர்கள். மூன்றாவது பனிக்காலத்தின் முடிவில் ஹாண்டிலைப் பிடித்துவைக்கிற நாலு ஆணிகளில் ஒன்றைக் கழற்றப் போனேன். தலைப்பகுதி பொருக்காக உதிர்ந்து கையோடு வந்தது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்த ஆணியோடு தெருவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். இப்போது ஹாண்டிலின்மேல் ஒரு துவாய், மேல்பாரின்மேல் ஒரு துவாய். முடிந்தவுடன் ஈரத் துணியால் துடைப்பு. மாதம் ஒரு தரம் அந்த ஆணிகளைக் கழற்றிக் கிரீஸ். எவ்வளவு வியர்வை என்று ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன். ஏறும்போது 74.2 கிலோ, இறங்கும்போது 73.3, நடுவில் அரை லீற்றர் குடித்திருந்தேன். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 1.4 லீற்றர் வெளியே போயிருக்கிறது. அதில் பாதி சைக்கிளின்மேல்.

ரயர்: உருளை வகை ட்ரெயினரில் சாதாரண ரயர் கறுப்புத் தூளாக உதிரும். ட்ரெயினருக்கென்று கடினமான ரப்பரில் வருகிற ரயர் போடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போகவே கூடாது, வழுக்கும். எனக்கு ஒரு பழைய சைக்கிள் இருந்ததால் அதை ட்ரெயினருக்கே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஒரே அளவு காற்றடித்து, உருளையின் திருகை ஒரே அளவு இறுக்குங்கள். இல்லாவிட்டால் இன்றைய ஓட்டத்தை நேற்றோடு ஒப்பிட முடியாது. திரவ வகை ட்ரெயினர் என்றால் முதல் பத்து நிமிடம் உள்ளே இருக்கிற எண்ணெய் சூடாகிக்கொண்டிருக்கும், பாரம் மாறும். அதுவரை எண்ணைப் பார்க்காதீர்கள்.

சத்தம்: கீழே தடித்த ரப்பர் விரிப்பு. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கீழ் வீட்டுக்காரரிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு தட்டு வடையோடு போனால் இன்னும் நல்லது.

பிப்ரவரி 17

இரண்டு பெரிய ஸ்னோப் புயல், ஒரே கிழமைக்குள். டிரைவ்வேயின் இரு பக்கமும் என் நெஞ்சளவு குவிந்துவிட்டது. மண்வாரியால் தள்ளினது நேற்று இரண்டு மணி நேரம், இன்றைக்கு ஒன்றரை. செவ்வாய்ப் பயிற்சியை விட்டுவிடுகிறேன். ஸ்னோ தள்ளின முதுகோடு இன்டர்வல் போடாதீர்கள். அது என் அனுபவம்.

மார்ச் 9

மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாகிவிட்டது. மாலை ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம். ஸ்னோ தெருவோரத்தில் கறுப்பாகக் கிடக்கிறது.

நேற்றுச் சோதனை எடுத்தேன். அதே பேஸ்மென்ட், அதே ஃபேன், ரயரில் அதே காற்று. 20 நிமிடச் சராசரி 228. எஃப்டிபி 217. டிசம்பரில் 203. செப்டம்பரில் வெளியில் எடுத்த எண்ணுக்குக் கிட்டத்தட்டப் போய்ச்சேர்ந்துவிட்டேன், அதுவும் வீட்டுக்குள். வாரம் மூன்று மணி நேரம்தான் செலவு. முன்பெல்லாம் மார்ச்சில் தொடங்கும்போது பூச்சியத்திலிருந்து தொடங்குவேன், ஜூன்வரை மற்றவர்களின் பின் சில்லைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுவேன்.

எது பலன் தந்தது, ஸ்வீட் ஸ்பாட்டா 30/15ஆ என்று கேட்டால், இரண்டையும் தாங்கவைத்தது ஞாயிறு என்பேன். முன்பு லேசான நாளை வீண் நேரம் என்று நினைத்திருந்தேன்.

தம்பி இப்போது 75 நிமிடம் ஓடுகிறாராம். தானே ஃபேனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபேன் வாங்கியிருக்கிறார்.

ஏப்ரல் 6

முதல் வெளி ஓட்டம் முடிந்தது. ஹைலண்ட் கிறீக் வழியாக ஏரிக்கரைவரை போய்த் திரும்பி, 48 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் 200 வாட்டைப் பிடித்து 20 நிமிடம் நின்றேன், மூச்சு சத்தமே போடவில்லை.

வராதவற்றையும் சொல்லவேண்டும். கழுத்தும் தோளும் ஒரு மணி நேரத்தில் நொந்துவிட்டன. தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கிற வேலை ட்ரெயினரில் இல்லையே. வளைவில் சைக்கிள் சாய்ந்தபோது ஒரு கணம் உடம்பு விறைத்தது. ஒற்றைக் கையால் போத்தல் எடுக்கும்போது ஆடினேன். குளிர்காலம் முழுக்கத் தெருவில் கொட்டின மணல் திரும்புகிற இடமெல்லாம் கிடக்கிறது. முதல் இரண்டு கிழமை வளைவுகளில் மெதுவாகப் போங்கள், கால் பலமாக இருக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள். ஏறப்போகும் முன் பிரேக் கட்டையைப் பாருங்கள்.

பழைய சைக்கிளை ட்ரெயினரிலிருந்து கழற்றுவதா என்று மனைவி கேட்டார், பேஸ்மென்டில் இடம் வேண்டுமாம். அரிசி மூட்டையை வேறு பக்கம் நகர்த்திக் கொடுத்தேன். செவ்வாயும் வியாழனும் இனி வெளியில்தான். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கதிரை அங்கேயே கிடக்கிறது. 95இல் கைதடிவரைதான் வந்திருக்கிறோம்.